மனு எழுதித் தருபவர்

நம் மேட்டூர் மாணவர்களின் கட்டைவிரல் கைப்பேசியில் ஓடும் வேகத்தை நாம் அறிவோம். ஆனால் கல்வி உதவித்தொகைக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்கும் விண்ணப்பிக்க, அவர்களே பிரவுசிங் சென்டர் வாசலில் காத்து நிற்கிறார்கள். விவரங்களை இன்னொருவர் தட்டச்சிடுகிறார். கடவுச்சொல்லும் அவரிடமே தங்கிவிடுகிறது. பிறந்த தேதியில் ஓர் எண் பிழைத்தால் இழப்பு மாணவருக்குத்தான். அன்று எழுத்தறியாதவர் மனு எழுதித் தருபவரை நாடினார். இன்று பட்டதாரியும் நாடுகிறார். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கருவியைக் கையில் தந்தது. தேர்ச்சியைத் தரவேண்டியது வகுப்பறை. படிவம் நிரப்பவும், சான்றிதழை உரிய அளவில் பதிவேற்றவும், தமிழ்99 விசைப்பலகையில் ஒரு பத்தியேனும் தட்டச்சிடவும் கற்பிப்பது கணினித் துறையின் வேலை மட்டுமன்று. தமிழாசிரியர்களாகிய நமக்கும் உரியது.