ஊதா கேபிளுக்குக் கடைசி யார்?

டிப்ளமோ முடித்த கையோடு தனியாகப் பணம் கட்டி பிஎல்சி (மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலர்) ப்ரோக்ராமிங்கும் படித்துவிட்டு, ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தேன். லேப்டாப்பைத் திறந்து லேடர் லாஜிக் எழுதும் வேலை கிடைக்கும் என்ற நினைப்பு. மெயின்டனன்ஸில் யாரிடம் என்னை ஒப்படைத்தார்களோ அந்த அண்ணன் என் கையில் கொடுத்தது ஒரு கேபிள் சுருள். ஊதா நிறம், சுண்டுவிரல் பருமன்.

“இதை மடக்கிடாத தம்பி. மடங்குனா உள்ள கம்பி அறுந்திருக்காது, மீட்டர்ல ஒண்ணும் காட்டாது. லைன் மட்டும் ஓடாது.”

மீட்டரில் காட்டாத பழுதா? நான் படித்த மின்சாரத்தில் கம்பி ஒன்று இணைந்திருக்கும், இல்லையென்றால் அறுந்திருக்கும். நடுவில் மூன்றாவது நிலை கிடையாது. இந்தக் கேபிளில் உண்டு என்பதைத்தான் பயிற்சிக் காலம் முழுக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

அதே தொழிற்சாலையில் பழைய லைனும் புதிய லைனும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. அது எனக்கு நல்லதாகப் போயிற்று. பழையது பாகங்களைக் கழுவும் லைன். அதில் ஒவ்வொரு ப்ராக்ஸ் சென்சாருக்கும், ஒவ்வொரு சொலினாய்டுக்கும், ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனிக் கம்பி. எல்லாம் ஜங்ஷன் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து 24 கோர் கேபிள்களில் ஏறி, ட்ரே வழியாக ஹாலின் கோடியில் நிற்கும் பெரிய பேனலுக்குள் இறங்கும். கதவைத் திறந்தால் ஃபெரூல் நம்பர் மாட்டிய ஆயிரக்கணக்கான கம்பிகள். பார்த்ததும் மலைப்பாக இருந்தாலும் பழுது பார்க்க அதைப் போல நிம்மதியான லைன் வேறு இல்லை. ஒரு கம்பி போனால் ஒரு சென்சார் போகும். டிராயிங்கில் நம்பரைப் பிடித்து, மீட்டரோடு நடந்தால் போதும், புதுப்பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் ஒரே ஒரு சென்சாரைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் மீதிக் கோர் இருக்கிறதா என்று தேடுவதிலேயே ஒரு ஷிஃப்ட் போய்விடும்.

புதியது பெயின்ட் லைன். அங்கே மெஷினுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னப் பெட்டிகள்: ரிமோட் ஐஓ. சென்சார் கம்பி இரண்டு மூன்று மீட்டரில் அந்தப் பெட்டியில் முடிந்துவிடும். தண்ணீர் தெறிக்கும் இடமென்றால் ஐபி 67 பெட்டி, எம்12 பிளக். பழுப்பு பிளஸ் 24 வோல்ட், நீலம் ஜீரோ, கறுப்பு சிக்னல். பெட்டியிலிருந்து பேனலுக்கு சப்ளை கேபிள் தவிர இந்த ஊதா கேபிள் ஒன்றுதான். உள்ளே பச்சை, சிவப்பு என்று இரண்டே கம்பி. டிரைவ், வால்வு டெர்மினல், என்கோடர் எல்லாம் அதே இரண்டு கம்பியில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும்.

இது ப்ரொஃபிபஸ். 1987இல் ஜெர்மனியில், அரசு நிதியுதவியோடு 21 நிறுவனங்களும் ஆய்வு நிலையங்களும் சேர்ந்து தொடங்கிய திட்டம். நாங்கள் பயன்படுத்தியது அதன் டிபி வகை, 1993இல் வந்தது. இதற்கு முந்தைய மோட்பஸ் 1979இலேயே வந்துவிட்டது. இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொழிற்சாலையில் எதையும் சும்மா மாற்றமாட்டார்கள்.

இரண்டு கம்பியில் இத்தனை கருவிகள் எப்படிப் பேசும்? வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர். பிஎல்சி நம்பரைக் கூப்பிட்டு, ‘இந்த அவுட்புட்டையெல்லாம் போடு, உன் இன்புட்டைச் சொல்’ என்கிறது. கூப்பிட்டவர் மட்டும் பதில் சொல்கிறார். சில மில்லிசெகண்டில் ஒரு சுற்று முடிந்து, அடுத்த சுற்று தொடங்கிவிடும். குறிப்பிட்ட நேரத்துக்குள் தன்னை யாரும் கூப்பிடவில்லையென்றால் பெட்டி தானாகவே அவுட்புட்டுகளை அணைத்துவிடும். இதைச் சொன்ன கையோடு அண்ணன் என்னை மெக்கானிக்கல் ஆட்களிடம் அனுப்பினார். கரன்ட் போனால் எந்த சிலிண்டர் எந்தப் பக்கம் போகும், எது அப்படியே நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வரச் சொன்னார். நெட்வொர்க் செத்தால் ஆள் கை எங்கே இருக்கக்கூடாது என்பது அந்தத் தாளில்தான் இருந்தது.

கேபிளை உரித்து கனெக்டர் போடுவதுதான் அசல் கைவேலை. அதற்கென்றே உரிக்கும் கருவி உண்டு. சுற்றி இழுத்தால் மேலுறை, ஷீல்டு, கம்பி மூன்றும் வேறு வேறு நீளத்தில் படியாக வந்து நிற்கும். பச்சை ஏ முனைக்கு, சிவப்பு பி முனைக்கு. ஷீல்டு கனெக்டரின் உலோகப் பட்டைக்கடியில் முழுசாக உட்கார வேண்டும். அதிலிருந்து ஒரு முடி இழை பிரிந்து பச்சையைத் தொட்டாலும் போச்சு. முடித்த ஒவ்வொன்றையும் அண்ணன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் கட்டரால் வெட்டிக் கையில் கொடுப்பார்.

ஷீல்டு விஷயத்தில் கல்லூரிப் பாடத்தைக் கொஞ்சம் மறக்க வேண்டியிருந்தது. 4–20 மில்லியாம்ப் சிக்னல் கேபிளில் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யவேண்டும் என்று படித்திருந்தேன். அது சரிதான், அந்தச் சிக்னலுக்கு. இங்கே நொடிக்கு 15 லட்சம் பிட் ஓடுகிறது. இந்த வேகத்தில் வரும் இரைச்சலைத் தடுக்க ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது இரண்டு பேனலுக்கும் நடுவே தடிமனான எர்த் கம்பியும் ஓடவேண்டும், இல்லையென்றால் வேண்டாத கரன்ட் ஷீல்டு வழியாகவே ஓட ஆரம்பிக்கும். இரண்டு கட்டிடங்களுக்கு இடையே என்றால் செம்பே வேண்டாம், ஃபைபர் போடு என்பார் அண்ணன்.

இனி கனெக்டரின் முதுகில் இருக்கும் சின்ன ஸ்விட்சுக்கு வருகிறேன். ஆன், ஆஃப். அதற்குள் இருப்பது டெர்மினேஷன். கேபிளின் முனை சும்மா திறந்திருந்தால் சிக்னல் அங்கே மோதித் திரும்பி வரும். திரும்பி வந்தது அடுத்த சிக்னலோடு கலந்து குழப்பும். மோதாமல் வாங்கிக்கொள்ள முனையில் ரெசிஸ்டர் வேண்டும்: ஏ, பி இரண்டுக்கும் நடுவே 220 ஓம், கூடவே 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்குமாக இரண்டு 390 ஓம். கேபிளின் இரண்டு கோடியிலும் ஸ்விட்ச் ஆன், நடுவில் இருக்கும் எல்லாவற்றிலும் ஆஃப். அவ்வளவுதான் விதி.

சரிபார்க்கும் முறையும் எளிது. எல்லா கனெக்டரையும் கருவிகளிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு கோடியில் ஏ-வுக்கும் பி-க்கும் நடுவே மீட்டர் வைக்க வேண்டும். சுமார் 110 ஓம் வந்தால் இரண்டு கோடியும் ஆன். 220 வந்தால் ஒன்று ஆஃப், அல்லது நடுவே அறுந்திருக்கிறது. 110 வந்ததும் நான் மீட்டரைச் சுருட்டினேன். “அந்தக் கோடியிலயும் வச்சுப் பாரு” என்றார். எதற்கு? ஸ்விட்சை ஆன் செய்தால் அந்த கனெக்டர் தனக்கு அப்புறம் போகும் கேபிளைத் துண்டித்துவிடும். நடுவில் யாராவது ஒன்றைத் தட்டி ஆன் செய்திருந்தால் இந்தப் பக்கமிருந்து அழகாக 110 காட்டும். பாதி லைன் இணைப்பிலேயே இருக்காது. அந்தக் கோடியில் வைத்தால்தான் 220 என்று குட்டு வெளிப்படும்.

இந்த ஸ்விட்சை நான் முழுதாகப் புரிந்துகொண்டது ஒரு தொல்லையில். பெயின்ட் லைனில் ஒரு ரிமோட் ஐஓ பெட்டியில் பிஎஃப் விளக்கு, அதாவது பஸ் ஃபால்ட், அவ்வப்போது சிவப்பாக மின்னும். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, மெயின்டனன்ஸ் நடக்கும்போது. பெட்டியை மாற்றினார்கள், கனெக்டரை மாற்றினார்கள், சப்ளையை மாற்றினார்கள். மறு ஞாயிறு மறுபடியும். டெர்மினேஷனும் பார்த்தாயிற்று, கடைசி நம்பர் பெட்டி வரை எல்லாம் சரி என்று ஷிஃப்ட் புத்தகத்தில் எழுதியிருந்தது.

அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “கடைசி நம்பர் சரி. கேபிளுக்குக் கடைசி யாரு?”

யாருக்கும் தெரியவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பேனலிலிருந்து கேபிள் கூடவே நடந்தார். ட்ரே மேலே ஏறினால் ஏணி போட்டுப் பார்த்தோம், தரைக்கடியில் போனால் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். நான் தாளில் வரிசையை வரைந்துகொண்டே வந்தேன். நம்பர் வரிசையும் கேபிள் வரிசையும் ஒன்றே இல்லை. பிற்பாடு சேர்த்த பெட்டிக்குப் பெரிய நம்பர் கொடுத்து நடுவில் சொருகியிருந்தார்கள். கேபிள் உண்மையில் முடிந்தது ஹாலின் மறுகோடியில், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் டிரைவில். அங்கே ஸ்விட்ச் ஆனில்தான் இருந்தது. ஆனால் அந்த 390 ஓம்களுக்கு வேண்டிய 5 வோல்ட் அந்த டிரைவிலிருந்தே வருகிறது. ஃபேனைச் சுத்தம் செய்ய டிரைவின் ஐசொலேட்டரை இறக்குவார்கள். அந்த நிமிடமே கேபிளின் முனை ஆதரவில்லாமல் போகும். டிரைவ் அணைந்திருப்பதால் அதை யாரும் சந்தேகப்படவில்லை. அடிவாங்கியது பக்கத்தில் ஒழுங்காக இருந்த பெட்டி.

டிரைவுக்கு அப்பால் தனி 24 வோல்ட் சப்ளையில் ஓடும் ஆக்டிவ் டெர்மினேட்டர் ஒன்றை வைத்து, டிரைவின் ஸ்விட்சை ஆஃப் செய்தார். தொல்லை தீர்ந்தது.

நெட்வொர்க்கில் பழுது இருக்குமிடம் வேறு, விளக்கு எரியுமிடம் வேறு. பழைய லைனின் நிம்மதியைக் கொடுத்துத்தான் இந்தச் சிக்கனத்தை வாங்கியிருக்கிறோம். இதை யாரும் விற்பனைக் கையேட்டில் போடுவதில்லை.

ப்ரோக்ராமைத் தொடவே இல்லையா என்றால், தொட்டேன். ஒவ்வொரு கருவிக்கும் ஜிஎஸ்டி (GSD) என்ற கோப்பு வரும். அதை மென்பொருளில் ஏற்றி, நம்பர் கொடுத்து, வேகம் குறிக்க வேண்டும். 12 மெகாபிட் வரை போகலாம் என்றிருந்ததால் அதையே போடலாமே என்று கேட்டேன். 12இல் ஒரு துண்டு கேபிள் 100 மீட்டர்தான் போகலாம்; 1.5 மெகாபிட்டில் 200 மீட்டர்; 187.5 கிலோபிட்டில் 1000 மீட்டர். கன்வேயர் அசையும் வேகத்துக்கு 1.5 தாராளம். பெட்டியில் நம்பர் வைக்கும் குட்டி ஸ்விட்சுகளை மாற்றினால் சப்ளையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், அப்போதுதான் புது நம்பரைப் படிக்கும். இன்னொன்று: சீமென்ஸ் எஸ்7-300இல் ஓபி 86 என்ற பிளாக்கை ஏற்றாமல் விட்டால் ஒரு பெட்டி தொலைந்ததும் சிபியுவே ஸ்டாப்புக்குப் போய்விடும். காலி பிளாக்காக இருந்தாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஐஓ செக்கிங். ஒருவர் பேனலில் லேப்டாப்போடு, ஒருவர் லைனில் ஸ்பேனரோடு. ப்ராக்ஸ் முன்னால் ஸ்பேனரைக் காட்டிவிட்டு வாக்கிடாக்கியில் அதன் இன்புட் நம்பரைச் சொல்லி, “12.3 வந்துச்சாண்ணே?” “வந்துச்சு, எடு… போச்சு, அடுத்தது.” மணிக்கணக்காக இதையே செய்வோம். அலுக்கவில்லை. டிராயிங்கில் இருந்தது நிஜத்தில் இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

புது லைன்களில் இப்போது ப்ரொஃபிநெட் வருகிறது. பச்சை கேபிள், ஈதர்நெட், 100 மெகாபிட், நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து 100 மீட்டர். டெர்மினேஷன் ஸ்விட்ச் தொல்லை இல்லை. கருவிக்கு நம்பருக்குப் பதில் பெயர் வைக்கவேண்டும். பழுதான கருவியை மாற்றும்போது பெயர் வைக்காமல் விட்டு ‘புதுசும் வேலை செய்யலை’ என்று திருப்பி அனுப்பும் கதைகள் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. டிரைவின் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் போட்டால் பச்சையும் இரைச்சல் வாங்கும்.

ஐடிஐ, டிப்ளமோ முடித்து இந்தப் பக்கம் வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ப்ரோக்ராமிங் கோர்ஸ் நடத்தும் இடங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கேபிள் உரிக்கச் சொல்லித்தருபவர்கள் குறைவு. சேர்ந்த இடத்தில் கேபிள் போகும் வரிசை வரைந்த தாள் எங்கே என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. நீங்களே பேனலிலிருந்து கடைசி முனை வரை நடந்து வரையுங்கள். எது எந்த சப்ளையில் ஓடுகிறது என்றும் குறித்து, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.