கதவுக்குள் அடைத்த காற்று

சென்னை அண்ணா சாலையைச் சுற்றி நடந்தே போய்வரக்கூடிய தூரத்துக்குள் ஒரு கார் ஸ்பீக்கரின் மொத்த ஆயுளும் கழிந்துவிடுகிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், கடைக்காரர்கள் வாயில் ஜி.பி. ரோட்டில், அது அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்து காருக்குள் ஏறுகிறது. எரிந்தோ கிழிந்தோ போனால் ரிச்சி தெருப் பக்கம் பழுதுக்கு வருகிறது. காரே ஓய்ந்து உடைபடும் காலத்தில் புதுப்பேட்டையின் உதிரிபாகக் குவியலில் போய்ச் சேருகிறது. ஒரே மாடல் ஸ்பீக்கர் ஒருவர் காரில் கணீரென்று பாட, இன்னொருவர் காரில் வறட்சியாக இரைவது ஏன் என்று எனக்கு நெடுநாளாகக் கேள்வி. கடைக்காரரிடம் கேட்டால் விலை கூடியதைக் காட்டுவார். அதனால் கையால் வேலை செய்பவர்களைத் தேடிப் போனேன்.

ரிச்சி தெருவை ஒட்டிய சந்தொன்றில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் அந்தப் பெரியவர். எல்லோரும் அவரை ‘பாய்’ என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். எதிரே பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்து முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகுதான் மல்டிமீட்டரை வைத்தார். முள் அசையவில்லை.

“காயில் போச்சு சார். கோன் கிழிஞ்சு வந்தா வயசாச்சுன்னு விட்டுடலாம். காயில் கருகி வந்தா அது மனுஷன் பண்ண வேலை.”

அவர் சொன்னதன் பொருள் புரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காந்தத்தின் நடுவே வட்டமான ஒரு குறுகிய இடைவெளி. அதற்குள் எதையும் தொடாமல் நிற்கிறது செப்புக்கம்பிச் சுருள். பாட்டு மின்னோட்டமாக உள்ளே வரும்போது சுருள் முன்னும் பின்னும் துள்ளுகிறது. அதோடு ஒட்டியிருக்கும் கோனும் துள்ளுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இருவர் 1925இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த வடிவத்தை நிலைநிறுத்தியது. நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை. பசை மாறியிருக்கிறது, காந்தம் மாறியிருக்கிறது, கோன் காகிதத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கும் கார்பன் இழைக்கும் போயிருக்கிறது. சுருளும் காந்தமும் கோனும் அதே இடத்தில் இருக்கின்றன.

ஸ்பீக்கருக்குள் போகும் மின்சக்தியில் ஒலியாக மாறுவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். பல கார் சப்வூஃபர்களில் அதைவிடவும் குறைவு. மிச்சமெல்லாம் சுருளில் சூடாகிறது. ஆம்ப்ளிஃபயரை அதனால் முடிந்ததற்கு மேல் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்போது சுருளுக்குப் போகும் சராசரி சக்தி ஏறுகிறது, அந்தச் சூட்டில் கம்பியின் மேல்பூச்சு கருகுகிறது. பாய் முகர்ந்தது அந்த வாசனையை.

புதுச் சுருளைப் பொருத்தியதை முழுதாகப் பார்த்தேன். ஓரத்தில் தின்னர் விட்டுப் பழைய பசையை ஊறவைத்துக் கோனையும், சுருளைத் தாங்கும் ஸ்பைடர் என்ற நெளிவுத் துணியையும் கிழித்து எடுத்தார். காந்த இடைவெளிக்குள் இரும்புத்தூள் போயிருந்தால் ஊதினாலும் துடைத்தாலும் வராது, காந்தம் விடாது. ஒட்டும் டேப்பை மடித்து உள்ளே விட்டு வட்டமாக இழுத்தார். டேப் கறுத்து வந்தது. வெள்ளையாக வரும்வரை டேப்பை மாற்றி மாற்றி இழுத்தார். பிறகு பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து நறுக்கிய துண்டுகளை எடுத்துச் சுருளுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே சுற்றிச் செருகினார். சுருளுக்கு இரு பக்கமும் கிடைக்கும் இடம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு பக்கம் மயிரிழை சாய்ந்தாலும் உரசும். உரசினால் சில நாளில் மறுபடி இங்கேதான் வரும்.

பசை காயும்வரை ஸ்பீக்கரைத் தொட யாரையும் விடவில்லை. காய்ந்த பின் ஃபிலிம் துண்டுகளை உருவினார். இரு கைக் கட்டைவிரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துச் சமமாக அமுக்கிவிட்டுக் காதைக் கொண்டுபோய் வைத்தார். சத்தமில்லை. ஒன்றரை வோல்ட் பேட்டரியை முனைகளில் தொட்டார். கோன் முன்னால் எழுந்தது. பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் கோன் வெளியே வர வேண்டும் என்பது கணக்கு. உள்ளே போனால் முனை மாறியிருக்கிறது என்று பொருள். கடைசியில்தான் நடுவில் மூடியை ஒட்டினார். அதுவரை சுருள் நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வழி இருக்க வேண்டுமாம். இத்தனை நுணுக்கத்துக்கும் அவர் கேட்ட கூலி அந்த சப்வூஃபரின் புது விலையில் ஒரு சிறு பங்கு. வாடிக்கையாளர் அதிலும் பேரம் பேசினார். எனக்கு வருத்தமாக இருந்தது.

கோன் துள்ளினால் காற்று கிளம்பி நம் காதுக்கு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காற்று இருந்த இடத்திலேயே நடுங்குகிறது, நடுக்கம்தான் பயணிக்கிறது. நெரிசலான பேருந்தில் பின்வாசலில் ஒருவர் இடித்தால் அந்த இடி டிரைவர்வரை போய்ச் சேரும், ஆனால் யாரும் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். நம் ஊர் 35 டிகிரி வெயிலில் அந்த நடுக்கம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது.

பன்னிரண்டு அங்குலக் கோனின் அசையும் பரப்பு ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் முன்னால் வந்தால் அரை லிட்டர் காற்றைத் தள்ளுகிறது. 40 ஹெர்ட்ஸ் பேஸ் என்றால் நொடிக்கு நாற்பது முறை இந்தத் தள்ளலும் இழுப்பும் நடக்கும். சுருதி பாதியாக இறங்கினால், அதே அளவு சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். பேஸுக்குப் பெரிய கோன் தேவைப்படுவது இதனால்தான். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ட்வீட்டர் அசைவது கண்ணுக்கே தெரியாமல் சதங்கை ஒலியைக் கேட்கவைப்பதும் இதே கணக்கில்தான்.

ஜி.பி. ரோட்டில் என் கேள்விக்கு விடை கிடைத்தது. அங்கே கடைகளின் வேலை பாதி நடைபாதையிலும் பாதி சாலையோரத்திலும் நடக்கிறது. கதவுப் பலகை கழற்றிய கார்கள், சுருட்டிய ஒயர்கள், நடுவே ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்விய இளைஞர்கள். அவர்களில் ஒருவரிடம், “தம்பி, ஸ்பீக்கர் நல்லா பாடணும்னா என்ன செய்யணும்?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டார். மிருதங்கம் கேட்டது, அதன் தொப்பிப் பக்கம் கேட்கவில்லை. பிறகு வட்டமாகத் துளை போட்ட ஒரு பிளைவுட் பலகையில் அதே ஸ்பீக்கரை வைத்து அழுத்தினார். ஒலியளவைத் தொடவே இல்லை. தொப்பி வந்துவிட்டது.

“முன்னாடி தள்ளுறப்போ பின்னாடி இழுக்குது இல்ல சார், ரெண்டும் சுத்தி வந்து சேந்துக்கும். நடுவுல தடுப்பு வெச்சாத்தான் பேஸ் நிக்கும். ஸ்பீக்கர் விக்கிறது கடை. தடுப்பு வெக்கிறது நாங்க.”

கோன் முன்பக்கம் காற்றை அமுக்கும் அதே கணத்தில் பின்பக்கம் காற்று தளர்கிறது. நீளமான பேஸ் அலைகளில் இந்த இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. காரின் கதவுதான் அந்தத் தடுப்பு. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி மோட்டாரைப் பழுதுபார்க்க விட்டவை. பல கார்களில் அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருக்கும். முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் அதன் வழியே கலந்துவிடுகின்றன. எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் அங்கே பேஸ் செத்துவிடும்.

அந்த இளைஞர் வெளித்தகட்டின் உட்புறத்தில் அலுமினியத் தாள் பதித்த பியூட்டைல் ஷீட்டை ஒட்டி, சிறு உருளையால் காற்றுக்குமிழி இல்லாமல் தேய்த்தார். தகடு அதிர்ந்து தானும் பாடாமலிருக்க இது. அடுத்து உள்தகட்டின் ஓட்டைகளை மூடினார். கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் திறந்தே விட்டார். மழையில் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேதான் வெளியேறும். அடைத்தால் கதவு துருப்பிடிக்கும், நீர் தேங்கி ஸ்பீக்கரும் நனையும். ஸ்பீக்கர் உட்காரும் மரவளையத்துக்கு வார்னிஷ் அடித்து வைத்திருந்தார், ஈரத்தில் ஊதாமலிருக்க. கதவுக்குள் இத்தனை வேலை நடந்ததைப் பலகை மூடிய பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை. விலைப்பட்டியலிலும் அதற்கென்று ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

பட்டியலில் இருப்பது வாட். ஸ்டீரியோ பெட்டியின் மேல் ‘50 வாட் × 4’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். காரில் கிடைப்பது என்ஜின் ஓடும்போது சுமார் 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். பாட்டின் அலை இயல்பான வடிவத்தில் போனால், தனி ஆம்ப் இல்லாத ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்கு 26 வாட்டுக்கு மேல் தர மின்சாரக் கணக்கே இடம் கொடுக்காது. 50 என்பது அலை முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிப்போன நிலையின் கணக்கு. அந்த நிலையில் யாரும் பாட்டுக் கேட்க முடியாது. அந்த எண்ணை நம்பித் திருகுகிறவர்களின் ஸ்பீக்கர்கள்தான் பாயின் மேசைக்குப் போகின்றன.

தனி ஆம்ப் வைக்கிறவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயருக்கு, பேட்டரிக்கு வெகு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். ஒயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் கார் தீப்பிடிக்கும். இதில் சிக்கனம் பார்க்கிற கடையில் காரை விடாதீர்கள்.

சாயங்காலம் டிக்கியில் சப்வூஃபர் பெட்டி ஏறியது. பெட்டியைச் செய்தவர் பக்கத்துச் சந்தின் தச்சர். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை, மூலை முழுக்கப் பசை. ஸ்பீக்கரோடு வந்த தாளிலிருந்த எண்களைக் கைப்பேசியில் ஏற்றிப் பெட்டியின் கொள்ளளவையும் அதில் பொருத்தும் குழாயின் நீளத்தையும் எடுத்திருந்தார். அந்த எண்களுக்குத் தீல்–ஸ்மால் அளவுகள் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வகுத்த கணக்கை 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினார். அந்தத் தச்சரின் கையில் அது அன்றாடக் கருவியாகியிருந்ததைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

காருக்குள் பேஸ் நடந்துகொள்ளும் விதம் வீட்டில் இருப்பதுபோல் இருக்காது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களோ நான்கு மீட்டருக்குள் அடங்குபவை. அலை நீண்டு படுக்க உள்ளே இடமில்லை. அதனால் கேபினில் உள்ள காற்று மொத்தமும் ஒரே நேரத்தில் அமுங்கி ஒரே நேரத்தில் தளர்கிறது. சின்னக் காரில் சின்ன சப்வூஃபரே நெஞ்சில் இடிப்பதற்கு இதுதான் காரணம். ஒரு கண்ணாடியை இறக்கச் சொன்னேன். இடி தளர்ந்தது. அடைபட்ட காற்றுக்குப் போக்கிடம் கிடைத்துவிட்டது.

உயர் சுருதியில் நிலைமை நேரெதிர். 10,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான். முழங்கால் மறைத்தாலும் குறையும். அதனால் ட்வீட்டரைக் கண்ணாடித் தூணில் முகத்தைப் பார்க்க வைக்கிறார்கள். வலப்பக்கம் உட்காரும் ஓட்டுநருக்கு வலது ஸ்பீக்கர் பக்கத்திலும் இடது தள்ளியும் இருக்கிறது. இளைஞர் டேப் பிடித்து அளந்தார். வித்தியாசம் எழுபது சென்டிமீட்டர். அதைக் கடக்க ஒலிக்கு இரண்டு மில்லி நொடி ஆகும். வலது ஸ்பீக்கரை அந்த அளவு தாமதமாகப் பாடும்படி கருவியில் அமைத்தார். அதுவரை வலது கதவில் இருந்த பாடகி காரின் முன்கண்ணாடிக்கு நடுவே வந்து நின்று பாடினார். ஒரு டேப்பும் பொறுமையும் செய்த வேலை அது.

காரைச் சோதிக்கும்போது அந்த இளைஞர்கள் மூடிய கேபினுக்குள் உட்கார்ந்து முழு ஒலியில் கேட்கிறார்கள். ஒரு நாளில் பல கார்கள். “ராத்திரி படுத்தா காதுல ஙொய்னு ஒரு சத்தம் சார், பழகிடுச்சு” என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அது பழகிக்கொள்ளும் விஷயமே இல்லை. அமெரிக்காவின் நியோஷ் எனப்படும் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபலில் எட்டு மணி நேரத்தை வரம்பாகச் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. காதை வைத்தே பிழைக்கிற தொழிலில் காதுக்குக் காவல் இல்லை. பாயின் மாடிப்படிக்கடியிலும் தின்னர் வாடை வெளியேற ஒரு மின்விசிறிகூட இல்லை.

கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பையன்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், அது ஒரு தேநீர்ச் செலவுதான். கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கதவு அடைப்பு வேலைக்கென்று தனியாக எடுத்துவையுங்கள், அதைச் செய்கிறவரின் கையில் நேரடியாகக் கொடுங்கள். பழைய ஸ்பீக்கர் நின்றுபோனால் குப்பையில் போடுவதற்கு முன் ரிச்சி தெருப் பக்கம் ஒரு முறை கொண்டுபோங்கள். அங்கே கூலியில் பேரம் பேசாதீர்கள்.