ஏறிய கியரிலேயே இறங்கு

எங்கள் வீட்டில் தந்தையை 'வாப்பா' என்போம். தாயின் தந்தையை 'அப்பா' என்போம். நான் இங்கு எழுதுவது அந்த அப்பாவைப் பற்றித்தான். ஹட்டனில் நாற்பது வருடங்களுக்கு மேல் வாகனம் ஓட்டியவர். சென்ற வருடம் வபாத்தானார். குடும்பம், கார், கிரிக்கெட் என்று மூன்று விடயங்களுக்குள் அவருடைய வாழ்க்கை அடங்கியிருந்தது. அவற்றில் எது முதலாவது, எது இரண்டாவது என்பதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அவர் 1976இல் வாங்கிய கார் ஒரு பச்சை நிற மொரிஸ் மைனர். 1957ஆம் ஆண்டு செய்தது. அதில்தான் ஹயர் ஓடினார். இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து, 1948இல் வெளிவந்த கார் வகை அது. பத்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட முதலாவது பிரித்தானியக் காரும் அதுதான். அதன் முன்மூடியின் நடுவில் நீளமாக ஒரு பட்டி தெரியும். கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று கடைசி நேரத்தில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகலமாக்கினார்களாம். அதன் அடையாளமே அந்தப் பட்டி. பழைய படத்தைக் காட்டி அப்பா இதைச் சொல்லாத பேரப்பிள்ளை எங்கள் குடும்பத்தில் இல்லை. "புழைய ஒத்துக்கொண்டு திருத்தினதால மகள், இந்தக் கார் இவ்வளவு காலம் ஓடுது" என்பார்.

மலைநாட்டில் கார் ஓட்டுவது வேறு, கொழும்பில் ஓட்டுவது வேறு. குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்து, எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். பனிமூட்டத்தில் பெரிய வெளிச்சம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஆகவே வெளிச்சத்தைத் தாழ்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் சொன்ன பாடம் ஒன்று உண்டு: "ஏறின கியர்லயே எறங்கோணும்." கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைப் பக்கம் இறங்கும் வளைவுகளில், அவருக்குப் பக்கத்தில் இருந்து இதை எத்தனை முறை கேட்டிருப்பேன்!

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும்போதுதான் அதன் கணக்கு எனக்கு விளங்கியது. ஆட்களோடு 1000 கிலோகிராம் நிறையுள்ள வாகனம் 500 மீற்றர் உயரம் இறங்கினால், ஏறத்தாழ 50 இலட்சம் யூல் அழுத்தசக்தி எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்தால் அத்தனையும் வெப்பமாகிப் பிரேக்கில் சேரும். பிரேக் சூடாகச் சூடாகப் பிடிப்புக் குறையும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்ட அப்பாவுக்குச் சமன்பாடு தெரியாது. விடை தெரிந்திருந்தது.

கிரிக்கெட் நாட்களில் அவருக்குப் பசி எடுக்காது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற இரவு, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அவர் இருந்ததை உம்மா சொல்லியிருக்கிறார். அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளையும் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் பெற்ற போட்டி அது. ஆனால் அப்பாவின் வீரர் முரளிதரன். கண்டியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை முழு நாட்டுக்கும் பந்து போடுகிறான் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. 2010இல் காலியில் முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது, தெருவில் போனவர்களுக்கெல்லாம் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாராம்.

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு எங்களை அழைத்துப் போவார். மற்றவர்கள் பூக்கண்காட்சிக்குப் போக, அவர் மாகாஸ்தோட்டத் தேயிலைத் தோட்டத்துக்குப் போவார். 1934இல் தொடங்கிய மலையேற்ற மோட்டார் ஓட்டம் அங்கேதான் நடக்கும். வாகனங்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாக ஏறும், நேரத்தைக் கணக்கிடுவார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "இவன் கியர் மாத்தப் பிந்திட்டான்" என்பார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தலவாக்கலையில் ஒருநாள் அந்தப் பழைய மொரிஸைக் கண்டோம். யாரோ நீல நிறம் பூசியிருந்தார்கள். அப்பா முன்மூடியில் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு உரிமையாளரிடம், "சோக்க இழுத்து வச்சே ஓடாதீங்க தம்பி, பெற்றோல் கூடக் குடிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். "கவலையா இல்லயா அப்பா?" என்று கேட்டேன். "அது ஓடுது தானே மகள், போதும்" என்றார்.

காரை ஏன் விற்றார் என்பது ஜனாஸாவுக்கு மறுநாள்தான் எனக்குத் தெரிய வந்தது. மாமா சொன்னார். 1998ஆம் வருடம். உம்மா சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தார். படித்த பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. கண்டியில் இடம் கிடைத்தது. தங்குமிடத்துக்கும் வகுப்புகளுக்கும் பணம் வேண்டும். உறவினர்கள் கூடிப் பேசினார்கள். "பொம்புளப் புள்ளய தூரத்துக்கு அனுப்பிப் படிப்பிச்சு என்ன செய்யப் போறீங்க? கார வித்து ஒரு கல்யாணத்த முடிங்க" என்றார்களாம். அப்பா சொன்ன பதில் இவ்வளவுதான்: "கார விக்கத்தான் போறன். கல்யாணத்துக்கு இல்ல."

அதன் பிறகு அவர் தனக்கென்று ஒரு வாகனம் வாங்கவில்லை. இன்னொருவருடைய வேனைச் சம்பளத்துக்கு ஓட்டினார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் உம்மாவை அழைத்து வருவார், ஞாயிறு மாலை கொண்டுபோய் விடுவார். இரண்டு வருடமும் இப்படித்தான். வாழ்நாளெல்லாம் சாரதி ஆசனத்தில் இருந்தவர், மகளுக்காகப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போனார். இன்று உம்மா விஞ்ஞான ஆசிரியை. மலைநாட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அவரிடம் படித்துப் போயிருக்கிறார்கள்.

நான் இணைந்த கணிதம் எடுத்தபோது அதே கேள்வி எங்கள் வீட்டுக்கு மறுபடியும் வந்தது. "பெண்பிள்ளைக்குப் பொறியியல் எதற்கு?" என்று கேட்டவருக்கு உம்மா கோபப்படாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "என்ட வாப்பா இதுக்கு எப்பவோ பதில் சொல்லிட்டார்" என்றார். அந்தப் பதிலின் விலை ஒரு மொரிஸ் மைனர் என்பது வந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தோழியரே, நம் வீடுகளில் மூத்தவர்கள் எதை விரும்பினார்கள் என்பது நமக்குத் தெரியும். அதில் எதை நமக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அவர்கள் இருக்கும்போதே நாம்தான் கேட்க வேண்டும். அப்பாவிடம் நன்றி சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் துஆவுக்குக் காலம் முடிவதில்லை. அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கி, உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.