நீலக்கால் கோழி

ஒரு பிள்ளை கண்ணால் பார்த்து வரைந்ததை, நான் பார்க்காமலே தப்பு என்று அடித்துவிட்டேன். ஆம்பூரில் 26 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் வரைந்த வீட்டுப் பறவைகள் என்றால் எனக்கு உயிர். யான் ஸ்டேன் 1660-ல் வரைந்த கோழிமுற்றம் தி ஹேக் நகரிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. மெல்கியோர் ஹோண்டெகூட்டர் சேவல், பெட்டை, குஞ்சு என்று பெரும்பாலும் பறவைகளையே வரைந்தவர். அவற்றின் வண்ண அச்சுகளை வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தேன். "எதிரே இருப்பதை அப்படியே வரைந்தார்கள். நீங்களும் பார்த்து வரையுங்கள்" என்பேன்.

ஒரு வருஷம், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாட்டுக்கோழி வரைந்து வந்தாள். கொண்டை, கழுத்து, மண்ணைக் கிளறத் தூக்கிய ஒற்றைக் கால், எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கால்கள் மட்டும் வெளிர்நீலம். "கோழிக்கு எங்கேயாவது நீலக்கால் உண்டா?" என்று சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, பத்துக்கு மூன்று கொடுத்தேன்.

"எங்க வீட்டுக் கோழிக்கு அப்படித்தான் இருக்கு சார்" என்றாள்.

எதிர்த்துப் பேசாதே என்று உட்காரவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் தெரு வழியாகப் போனேன். தோல் பதனிடும் டேனரிச் சுவரோரம் ஆட்டுத்தோல் அடுக்கியிருந்தார்கள். வெட் புளூ என்பார்கள். குரோமிய உப்பு ஏறிய தோல் நீலமாகத்தான் இருக்கும். அதிலிருந்து வடிந்த நீர் பள்ளத்தில் தேங்கியிருந்தது. அதற்குள் இறங்கிக் கிளறிய பெட்டைக்கோழி ஒன்று கரையேறி ஒரு காலைத் தூக்கியது. நகம் வரை நீலம்.

டேனரிக் கழிவால் வந்த பாலாற்று மாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள்முதல் செய்திகளை வெட்டி வைத்திருப்பவன் நான். எங்கள் தண்ணீரில் என்ன கலக்கிறது என்று படித்திருந்தேன். அவள் அதைக் கோழியின் காலில் பார்த்திருந்தாள்.

மறுநாளே கூப்பிட்டு மதிப்பெண்ணைத் திருத்தியிருக்கலாம். பிள்ளைகள் முன்னால் மதிப்புப் போய்விடும் என்று பயந்தேன். அதன்பிறகு அவள் கோழி வரையவில்லை. நான் கரும்பலகையில் போட்ட ரோஜாப்பூவை அப்படியே போட்டுக் கொடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

இப்போது காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள். என்னைக் கண்டால் "வணக்கம் சார்" என்கிறாள். "நீ வரைஞ்சதுதான் சரிம்மா, நான்தான் பார்க்கல" என்று சொல்ல, பஸ் வரும்வரை நேரம் இருக்கிறது. பதில் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறேன்.