திருவொற்றியூர் புல்லட்டும் எங்கள் வீட்டுத் தறியும்

கடந்த தை மாதத்தில் ஒரு மாலை, அண்ணன் மகன் புதிய புல்லட் ஒன்றில் திருமலைக்கு வந்திறங்கினான். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை. தவணையில் வாங்கிய வண்டி. பொங்கல் விடுமுறைக்கு நாங்களும் ஊரில் இருந்தோம். நாங்கள் என்றால், அந்த வீட்டிலிருந்து படித்து வெளியேறிய இருவர்: கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் இதை எழுதுபவரும், வேலூரில் செவிலியராக இருக்கும் தங்கையும். அண்ணன் மட்டும் தறியில் தங்கிவிட்டார்.

வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் அண்ணன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தவர், பெட்ரோல் டாங்கின் மேல் ஓடிய பொன்னிறக் கோட்டின் மேல் விரலை வைத்து, அது முடியும் இடத்தில் நிறுத்தினார். “இது கையால போட்டது” என்றார். ஸ்டிக்கர்தான் என்றான் மகன். அண்ணன் ஒப்பவில்லை. “ரெண்டு பக்கமும் பாருடா. முடியுற எடம் ஒரே மாதிரி இல்ல. மிஷின் இப்படி விடாது.”

அண்ணன் சொன்னதே சரி. அந்தக் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையால் இழுப்பது சென்னையில் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் நெடுநாளாகத் தொடரும் வழக்கம். ஐம்பது ஆண்டுகளாக ஜரிகை ஓட்டிய கண்ணுக்கு அது உடனே பிடிபட்டது. படித்த எங்களுக்குப் பிடிபடவில்லை.

புல்லட் எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. அதன் ஒலி புதிதன்று என்று சொல்வதே பொருத்தம். எங்கள் சிறுவயதில் ஆரணியிலிருந்து பட்டு வியாபாரி ஒருவர் புல்லட்டில் வருவார். பின்னிருக்கையில் பாவு, பையில் ஊடை நூலும் ஜரிகையும். வயல்களைத் தாண்டி அந்த ஒலி கேட்கும்போதே அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வெளியே வருவார். ஒலி எங்கள் தெருவுக்குத் திரும்பினால் அடுத்த ஒன்றரை மாதத்திற்குக் கூலி உண்டு. நேரே போய்விட்டால் இல்லை. அவர் திரும்பப் புறப்படுவதைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு சடங்கு. சிறு நெம்புகோல் ஒன்றை அழுத்திக்கொண்டு, உதைகோலை மெதுவாக மிதித்து, விளக்கின் பக்கத்திலிருக்கும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்ப்பார். வந்ததும் ஒரே மிதி. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். மற்ற வண்டிகளுக்கெல்லாம் அது நேர்மாறு என்பதை வெகுநாள் கழித்தே அறிந்தோம்.

இந்த வண்டியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் ஊசி. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் ஊசி செய்வதற்குப் பெயர் போனது. ஜார்ஜ் டவுன்செண்டு என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நடத்திய ஊசித் தொழிலே இந்த நிறுவனத்தின் வேர். ஊசியிலிருந்து மிதிவண்டிப் பாகங்களுக்கும், பிறகு மிதிவண்டிக்கும் அது வளர்ந்தது. 1890களில் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் கைக்கு வந்து, என்ஃபீல்டிலிருந்த அரசத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்ததால் ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் அமைந்தது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்ற விளம்பர வாசகமும் அங்கிருந்தே வந்தது. 1901இல் முதல் மோட்டார் சைக்கிள். 1932இல் புல்லட் என்ற பெயர்.

சுதந்திர இந்தியாவுக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் இந்த வண்டியைத் தருவித்து ராணுவத்திற்குக் கொடுத்தது. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று.

அதன்பின் நடந்ததுதான் எங்களை வெகுநேரம் யோசிக்க வைத்தது. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி முற்றிலும் நின்றது. தாய்வீடு இருண்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டேயிருந்தது: அதே 346 சிசி, அதே வார்ப்பிரும்பு எஞ்சின், அதே வலக்கால் கியர். 1977இல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் மொழியை அந்த ஊர்க்காரருக்கே திருப்பிச் சொல்லிக் கொடுத்தது போன்ற செயல் அது.

இதைப் பற்றின் கதையாக மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். திருவொற்றியூர் பழைய வண்டியை விடாமல் செய்ததற்குக் காதல் ஒரு காரணமென்றால், போட்டியில்லாமை இன்னொரு காரணம். உரிமமும் ஒதுக்கீடும் இருந்த காலம். ராணுவமும் காவல்துறையும் நிலையாக வாங்கின. மாற வேண்டிய அவசியமே வரவில்லை. 1980களில் ஜப்பானியக் கூட்டில் எடை குறைந்த, எரிபொருள் சேமிக்கும் வண்டிகள் வந்தபோது புல்லட் திடீரென்று கிழவனாயிற்று. 1990இல் ஐஷர் நிறுவனம் பங்கு வாங்கி, 1994இல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அப்போதும் நிலை தேறவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் மாதத்திற்கு ஏறத்தாழ 2,000 வண்டிகளே விற்றன. விற்றுவிடலாம், மூடிவிடலாம் என்ற பேச்சு நடந்தது. அப்போது 26 வயதான சித்தார்த்த லால் அவகாசம் கேட்டுப் பொறுப்பேற்றார்.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. ஜெய்ப்பூர் ஆலை மூடப்பட்டது. வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பதில் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த அலுமினிய எஞ்சின் வந்தது. கியர் இடக்காலுக்கு மாறியது. 2009இல் இந்தியச் சந்தைக்கு வந்த கிளாசிக், உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளின் தோற்றத்தைப் புதிய எஞ்சின்மேல் போர்த்திக்கொண்டு வெற்றி கண்டது. 2013இல் ஒரகடத்திலும் பிறகு வல்லம் வடகாலிலும் ஆலைகள் எழுந்தன. 2014இல் விற்பனை 3 லட்சத்தைத் தாண்டி, அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனை எண்ணிக்கையில் முந்தியது. 2024-25 நிதியாண்டில் அது 10 லட்சத்தைத் தாண்டியது. 2023இல் மறுபடி வடிவமைக்கப்பட்டு வந்த புல்லட்டில் உதைகோலே இல்லை. பொத்தானை அழுத்தினால் போதும். டாங்கின் மேல் அந்தக் கைக்கோடு மட்டும் அப்படியே நின்றது.

பழைய அன்பர்கள் பலருக்கு இதில் மனக்குறை உண்டு. ஒலி போயிற்று, ஆகவே புல்லட்டே போயிற்று என்பார்கள். அந்த ஒலிக்குக் காத்திருந்து வளர்ந்த எங்களுக்கும் அந்தக் குறை புரிகிறது. ஆனால் ஒன்றை உயிருடன் வைத்திருப்பதும் அதைப் பொருட்காட்சியில் வைப்பதும் வேறு வேறு.

உலகத்தில் இது தனிக் கதையன்று. இத்தாலியின் மசராட்டியை எடுத்துக்கொள்ளலாம். 1914இல் போலோஞா நகரில் சகோதரர்கள் தொடங்கியது. அந்நகரத்து நெப்டியூன் சிலையின் கையிலிருக்கும் திரிசூலமே அதன் சின்னம். 1937இல் ஓர்சி குடும்பத்திற்கும், 1968இல் பிரெஞ்சு சித்ரோயனுக்கும் கைமாறியது. 1975இல் அது கைவிடப்பட்டபோது அரசு அமைப்பு ஒன்றின் துணையுடன் தெ தொமாசோ ஏற்றார். 1993இல் ஃபியட்டுக்குப் போய், 1997இல் பழைய எதிரியான ஃபெராரியின் பொறுப்பில் வந்த பிறகே மறுவாழ்வு பெற்றது. இத்தனை கை மாறியும் மோடெனா நகரத்துப் பட்டறையில் வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். மாறாக, நம் வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டும் கெசலும் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் 1988இல் மூடியது. அதன் கார்களை நினைவுகூர்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யத் தெரிந்த கைகளைச் சேர்த்து வைத்திருந்தவர் எவருமில்லை. அது திரும்பி வரவில்லை.

வகுப்பில் உ.வே.சாமிநாதையரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் சீவக சிந்தாமணியை மீட்டார் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வியால் தூண்டப்பட்டு, 1887இல் அதை அச்சில் கொண்டுவந்தார் ஐயர். அவர் உழைப்புக்கு ஈடில்லை. ஆனால் நூலில் சமணக் கொள்கைகள் விளங்காமல் நின்றபோது அவர் போய்க் கேட்டது கும்பகோணத்துச் சமணர்களிடம். அவர்கள் அதை இழக்கவே இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டுக்குள் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மலையில் குந்தவை பெயர் தாங்கிய ஜினாலயமும் பாறையில் நிற்கும் நேமிநாதரும் இருப்பதால், இந்தச் செய்தி எங்களுக்குச் சற்று நெருக்கமானது. மீட்டவர் பெயர் நிற்கிறது. அணையாமல் வைத்திருந்தவர் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. திருவொற்றியூரில் நாற்பது ஆண்டுகள் பழைய எஞ்சினைப் பூட்டிய தொழிலாளரும் அப்படித்தான். 2000இல் உயிர்ப்பிக்க ஏதேனும் இருந்ததற்கு அவர்களே காரணம்.

பொங்கல் முடிந்த இரவு திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னோம். சொன்னதற்கு உள்நோக்கம் உண்டு. இந்தப் பாவோடு தறியை நிறுத்திவிடப் போவதாக அவர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். ஒரு பாவில் மூன்று சேலை. அதில் இரண்டாவது தறியில் இருந்தது. புல்லட் பிழைத்தது போலக் கைத்தறியும் பிழைக்கும், அதுவரை விட்டுவிடாதீர்கள் என்பதே நாங்கள் சுற்றி வளைத்துச் சொன்ன செய்தி.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அந்த ஃபேக்டரில அத்தனை வருஷம் விடாம செஞ்சாங்கன்னா, மாசமானா சம்பளம் குடுக்க ஆள் இருந்துது. மிலிட்டரி வாங்கிச்சு. இந்தத் தறிய நான் காப்பாத்தி வெச்சா, அதுவரைக்கும் சோறு யாருப்பா போடுறது?” என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. காத்து வைத்திருப்பதற்கு ஒரு செலவு உண்டு, அதை யாரோ ஒருவர் கட்டியாக வேண்டும் என்பது எங்கள் அழகான வாதத்தில் விடுபட்டுப்போயிருந்தது. கரையுள்ள பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்பதும் இருக்கிறது. கூலி சேலைக் கணக்கு. முதுகு வலித்துப் படுத்தால் அதுவும் இல்லை. மறுமலர்ச்சி வரும்வரை இன்னொருவர் குழியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சம்பளக்காரர்கள் எதிர்பார்ப்பது எவ்வளவு எளிது என்று அன்றிரவு வெட்கத்துடன் உணர்ந்தோம்.

தங்கைதான் மறுநாள் பேச்சை எடுத்தாள். “அண்ணா, அடுத்த பாவுக்குப் பட்டும் ஜரிகையும் நாங்க ரெண்டு பேரும் வாங்கித் தர்றோம். கூலிக்கு வேணாம். உங்க சொந்தப் பாவா நெய்ங்க. மூணு சேலையையும் விக்கிற பொறுப்பு எங்களுது.” அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகன் மட்டும், தன்னோடு வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான்.

தறியறிந்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். பாவு முடிந்ததும் இழைகளை முழுவதும் அறுத்தெடுப்பதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்த பழைய இழைகளின் நுனியைச் சாணளவு விட்டுவைப்பார்கள். புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை அந்த நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுத்தால் தறி மறுபடி ஓடும். அந்த நுனியையும் உருவிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கோக்க வேண்டும்; அதற்குக் கைகள் இருக்க வேண்டும்.

மாசி பிறந்ததும் மூன்றாவது சேலை தறியிலிருந்து இறங்கிவிட்டதாக மகன் தொலைபேசியில் சொன்னான். நாங்கள் இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம். “இல்ல, அறுக்கல. அப்பா நுனிய விட்டுத்தான் வெச்சிருக்கார்” என்றான். அந்த வாரமே பட்டு வாங்க ஆரணிக்குப் போனோம்.