உப்புப் பூத்த இயந்திரம்

விடுமுறை நாட்களில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் செல்வோர், நீரைக் கிழித்துக்கொண்டு சீறிப் பாயும் சிறு படகுகளைக் கண்டிருப்பர். எல்லாரும் அவற்றை ஜெட் ஸ்கி என்றே அழைக்கின்றனர். அது கவாசாக்கி நிறுவனத்தின் வணிகப் பெயர். பேருந்து என்ற சொல்லை அடியொற்றி நான் நீருந்து என்று எழுதுகிறேன். தமிழாசிரியனுக்கு இந்த உரிமையாவது வேண்டாமா?

என் தம்பி தொழிற்சாலை வேலையை இழந்தபின், கைக்கு வந்த பணத்தில் பழைய நீருந்துகள் இரண்டை வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கினான். அவற்றைப் பேணும் வேலையை ஏற்றுக்கொண்டவன் என் பழைய மாணவன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்படுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன், அத்தேர்வில் தமிழிலும் தேறாதவன். அவனுடைய அறிக்கையில் 'கவனக் குறைவு' என்று சிவப்பு மையால் எழுதியவன் நான்தான்.

சென்ற ஆண்டு தம்பி டிங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டான். வாடகை வரும் நாட்களோ வாரத்தில் இரண்டுதான். பள்ளி விடுமுறையாதலின் நான் துணைக்குப் போனேன். சனிக்கிழமை மாலை உறவினர் திருமணத்திற்குச் செல்ல வேண்டியிருந்த மாணவன், நீருந்தைக் கழுவும் முறையை வெள்ளியன்றே எனக்குக் கற்பித்தான்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தம்பியிடம் இருப்பவை போன்ற பழைய நீருந்துகள் அக்கடல்நீரையே உள்ளிழுத்து இயந்திரத்தைக் குளிரச் செய்கின்றன. ஓட்டம் முடிந்ததும் நீர் வடிந்துவிடும், உப்பு வடியாது. அலுமினியம் தன்மேல் மெல்லிய படலம் ஒன்றைத் தானே போர்த்திக்கொண்டு தன்னைக் காப்பது. உப்பு அப்படலத்தைத் துளைத்து உள்ளே குழி பறிக்கும். எஃகுத் திருகாணி அலுமினியத்தோடு சேருமிடத்தில் உப்புநீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டா; அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அலுமினியம் கரையத் தொடங்கும்.

இரும்புக்குத் துரு, செம்புக்குக் களிம்பு என்று நம் மொழி பிரித்துச் சொல்லும். ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறும் சைவ சித்தாந்தம். அலுமினியத்தின்மேல் பொருக்காய்ப் படரும் அந்த வெண்பொடிக்கு என்ன பெயர் சொல்லலாம் என நான் எண்ணிக்கொண்டிருக்கையில், "உப்புப் பூத்திருக்கு சார்" என்றான் அவன். அகராதியைப் புரட்டும் வேலை எனக்கு இல்லாமற் போயிற்று.

கிரீசு பூசுவதிலும் ஒரு முறை உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். உப்பைக் கழுவித் துடைத்து உலர்த்தாமல் பூசினால், கிரீசு உப்பை உள்ளே வைத்து மூடிவிடும். காருக்குப் பூசும் எல்லா கிரீசும் கடலுக்கு ஆகா. நீரில் எளிதில் கழுவிப் போகாத, கடற்கலங்களுக்குரிய கிரீசே வேண்டும். திசைதிருப்பும் கம்பியின் முனைகள், நீரைப் பீச்சும் குழலின் அச்சுகள், திருகாணிகளின் மரைகள் ஆகியவற்றில் அவன் விரலால் தடவிச் சென்றான். இவ்வகைப் படகுகள் சிலவற்றில் துத்தநாகக் கட்டியொன்றும் பொருத்தியிருப்பர். அது தான் கரைந்து மற்ற உலோகங்களைக் காக்கும். அதன்மேல் வண்ணம் பூசினால் பயனில்லை. 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிவியலாளர் மரக்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க முன்வைத்த வழியும் இதுவே. ஆனால், செம்பு கரையாமல் நின்றதும் கப்பலடியில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டனவாம்!

கழுவும்போதோ, வரிசைதான் உயிர். முதலில் இயந்திரத்தை இயக்க வேண்டும். பிறகே நன்னீர்க் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் நீரை மூடி, உள்ளே தேங்கியதை வெளியேற்றச் சில நொடிகள் முடுக்கி, அதன்பின் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். புகையின் வேகமே நீரை வெளியே தள்ளுகிறது. இயந்திரம் ஓடாதபோது குழாய் திறந்திருந்தால், நீர் புகைபோக்கியை நிரப்பி உருளைக்குள் புகுந்துவிடும். "எழுதி வச்சுக்குங்க சார்" என்றான். முப்பதாண்டுக் காலம் மாணவரிடம் நான் சொல்லி வந்த சொல் அது. நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மாலை குழாயைப் பொருத்தித் திறந்தேன். பிறகுதான் சாவியைத் தேடினேன். அதற்குள் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஏதோ கணக்குக் கேட்டுத் தொலைபேசி வந்தது. திரும்பி வந்து முடுக்கினேன். 'டக்' என்றொரு ஓசையோடு நின்றுவிட்டது. நீரை மூடிவிட்டு, மின்கலம் தீர்ந்திருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஞாயிறு காலை மாணவன் வந்து தீப்பொறிச் செருகிகளைக் கழற்றினான். முடுக்கியதும் உருளைகளிலிருந்து நீர் பீறிட்டது. நீர் காற்றைப்போல் அமுங்குவதன்று. நான் மேலும் மேலும் முடுக்கியிருந்தால் உந்துதண்டு வளைந்திருக்கும். இன்னொரு நாள் கிடந்திருந்தால் பேரிங்குகள் துருவேறியிருக்கும். நீர் முழுதும் வெளியேறியபின் அவன் உருளைகளில் எண்ணெய் ஊற்றிச் சுழற்றினான். வாடகைக்கு வந்த ஒரு குடும்பம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறிடம் போயிற்று. அவ்வியந்திரம் போயிருந்தால், தம்பி போட்ட முதலில் பாதி போயிருக்கும்.

"சார், தண்ணியை முதல்ல திறந்துட்டீங்களா?" என்று அவன் தலைநிமிராமலே கேட்டான்.

"நினைவில்லை" என்றேன்.

எத்தனை மாணவர் எத்தனை முறை என்னிடம் சொன்ன விடை அது! அச்சொல்லை ஏற்காது எத்தனை பேரை நிற்க வைத்திருப்பேன்! அவன் ஒன்றும் சொல்லவில்லை. நண்பகலில் இயந்திரம் உயிர்பெற்றது.

அடுத்த வாரம் குழாயருகே ஓர் அட்டை தொங்கியது. இஞ்சின், தண்ணீர், தண்ணீர், இஞ்சின் என்று நான்கு வரிகள்; எண்ணிட்டு எழுதியிருந்தான். இரண்டாம் வரியில் றன்னகரம் போட்டு, மூன்றாம் வரியில் சரியாக எழுதியிருந்தான். 'புதிய பையன்களுக்காக' என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறான். கடையில் புதிய பையன் எவனும் இல்லை.

தம்பிக்கு உண்மை இன்னும் தெரியாது. அவன் கட்டுரைத் தொகுப்புகளைப் படிப்பவனும் அல்லன்.