அத்தாவின் வண்டியும் இருபத்தெட்டாயிரம் ரூபாயும்



சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், கட்டப்பனையில் வாழும் என் தங்கையின் வீட்டிற்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் சென்று, அங்கிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏற வேண்டும். வண்டி, 2012ஆம் ஆண்டில் அத்தா வாங்கிய இன்னோவா, 2.5 லிட்டர் டீசல் எஞ்சின். சிறுவர்களோடு சேர்த்து ஒன்பது பேர் அமர்ந்திருந்தோம். கூரைமேல் ஒரு மூட்டை அரிசியும், குர்பானி இறைச்சி வைத்த இரண்டு பெட்டிகளும் இருந்தன.

பாதி மலையில் ஒரு லாரியை முந்த முயன்றேன். ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்தியும் வண்டி உறுமியதே தவிர விரையவில்லை. அந்நேரம் எதிர் வளைவிலிருந்து ஒரு பேருந்து வெளிப்பட்டது. லாரி ஓட்டுநர் பிரேக் பிடித்து இடம் விட்டதால் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இன்றும் அவருக்காக துஆச் செய்கிறேன்.

அன்றிரவு, பாலிடெக்னிக்கில் பயிலும் என் மூத்த மகன் கைப்பேசியை நீட்டினான். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் உள்ள மென்பொருளை மாற்றி எழுதித் தரும் கடை ஒன்று கோவையில் இருக்கிறதாம். 'ரீமேப்' என்று சொல்கிறார்கள். எத்தனை துளி டீசல், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்சப்பட வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும் என்பன போன்ற கணக்குகளை மாற்றிவிட்டால், 102 குதிரைத்திறன் 130ஆகிவிடுமாம். கட்டணம் 28,000 ரூபாய். "அத்தா, இன்றைக்கு இது இருந்திருந்தால் நாம் பயந்திருக்க வேண்டியதில்லை" என்றான்.

அவன் சொன்னதை விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிட முடியவில்லை. குடும்பத்தின் உயிரைக் காக்கத் தேவையான வலுவை வண்டிக்கு ஏற்றுவது வீண்விரயம் ஆகுமா? ஆகாது என்றே தோன்றியது. ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த மலையில் என் மச்சானின் புதிய வண்டி எங்களை எளிதாக முந்திச் சென்றிருந்தது. என் விருப்பத்தில் பாதுகாப்பு எத்தனை பங்கு, அந்த உறுத்தல் எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதற்குள் 28,000 ரூபாயைச் சேர்த்தும் விட்டேன்.

கோவைக்குப் புறப்படும் முன், அத்தா காலத்திலிருந்தே வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் சென்றேன். விவரத்தைக் கேட்டுவிட்டு, "பாய், முதல்ல கம்பெனிக்காரன் கொடுத்த 102 குதிரை லாயத்துல முழுசா இருக்கான்னு பாப்போம்" என்றார்.

இருக்கவில்லை. ஏர் ஃபில்டர் புழுதியால் அடைபட்டிருந்தது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய், கிளாம்ப்பின் அடியில் விரிசல் விட்டு, அழுத்திய காற்றை வெளியே கசியவிட்டுக்கொண்டிருந்தது. புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் இ.ஜி.ஆர். வழியாக வந்த கரி, காற்று நுழையும் வாயில்களில் விரற்கடை அளவு படிந்து, துவாரத்தைச் சுருக்கியிருந்தது. இன்ஜெக்டர்கள் இரண்டு தேய்ந்திருந்தன. வண்டி அதுவரை 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் என் கைக்கு வந்தபின் ஓடியவற்றில், எண்ணெய் மாற்றியதைத் தவிர நான் வேறெதுவும் செய்ததில்லை.

இந்நிலையில் ரீமேப் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்னது எளிதாகப் புரிந்தது. டீசல் எஞ்சினில் எரிபொருளைக் கூட்டினால் காற்றும் அதற்கேற்பக் கூட வேண்டும். காற்று குறைந்தால் முழுதும் எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். வெளியேறும் வாயுவின் வெப்பம் உயரும். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் டர்போதான் அந்த வெப்பத்தை முதலில் தாங்க வேண்டும். பழைய கிளட்ச் கூடுதல் முறுக்குவிசையைத் தாங்காமல் வழுக்கத் தொடங்கும். நன்கு பராமரித்த எஞ்சினில், அளவோடு செய்தால் பலருக்கு ஒத்துவருகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கரும்புகை என்றதும் எனக்கு மதரஸா வாசல் நினைவுக்கு வந்தது. மக்ரிபுக்கு முன் பாடம் முடிந்து பிள்ளைகள் வெளிவரும் நேரத்தில்தான் நானும் வண்டியைக் கிளப்புவேன். இப்போதே சிறுமிகள் முக்காட்டின் நுனியால் மூக்கை மூடிக்கொள்கிறார்கள். பிறருக்குத் தீங்கு இழைக்கக் கூடாது என்னும் ஃபிக்ஹு விதியை அவர்களுக்கு நடத்துபவன் நான்.

சட்டத்தையும் பார்த்தேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இது வழிவகுக்கும். "யாருக்கத்தா தெரியப்போகிறது, உள்ளே இருப்பது வெறும் மென்பொருள்தானே" என்றான் மகன். நான் பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

இதைப் படிப்பதற்காக ஆர்.சி.யைக் கையில் எடுத்தபோதுதான் உண்மையான சங்கடம் தொடங்கியது. உரிமையாளர் என்ற இடத்தில் அத்தாவின் பெயர் இருந்தது. அவர்கள் வஃபாத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரிசு மூன்று மாதத்திற்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிழை, வண்டியை நாங்கள் பாகப்பிரிவினையே செய்யவில்லை. வீட்டையும் தோப்பையும் முறைப்படி பிரித்தோம். வண்டி மட்டும், ஊரில் இருப்பவன் நான் என்பதால், பேச்சின்றி என் வாசலில் நின்றுவிட்டது. யாரும் கேட்கவில்லை; நானும் எடுத்துச் சொல்லவில்லை.

மதரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்துபவனும் நானே. கணக்கு எனக்கு மனப்பாடம். அம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் எனக்கும், வளைகுடாவில் இருக்கும் தம்பிக்கும், தங்கைக்கும். நாற்பது பங்காக்கினால் அம்மாவுக்கு 5, தம்பிக்கு 14, எனக்கு 14, தங்கைக்கு 7. அதாவது, நான் எஞ்சினை மாற்ற நினைத்த வண்டியில் நாற்பதில் இருபத்தாறு பங்கு பிறருடையது. அன்றிரவு இஷாவுக்குப் பின் வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

பழைய வண்டி விற்பவர் ஒருவரை அழைத்து மதிப்பிடச் செய்தேன். நான்கு லட்சம் என்றார். அப்படியானால் தங்கைக்கு 70,000, அம்மாவுக்கு 50,000, தம்பிக்கு 1,40,000. நால்வரும் தொலைபேசியில் பேசி, வண்டியை நான் வைத்துக்கொண்டு தவணையாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. தம்பி, "ரீமேப் செய்ங்கண்ணே, பணம் நான் தர்றேன்" என்றான். அம்மா, "உங்கத்தா அந்த வண்டிய எண்பதுக்கு மேல ஓட்டினதே இல்லையே" என்று மட்டும் சொன்னார்கள்.

ரீமேப்பைக் கைவிட்டேன். பழுதுபார்க்க 17,000 ரூபாய் ஆயிற்று. மீதி 11,000ஐ முதல் தவணையாகத் தங்கைக்கு அனுப்பினேன். "நான் கேட்டேனாண்ணே?" என்று கோபித்துக்கொண்டாள். பெண்பிள்ளைகள் வெட்கத்தாலும் பிறந்தகத்தின் மேலுள்ள பாசத்தாலும் விட்டுத்தருவதை மனமுவந்த சம்மதம் என்று நாம் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். முழுத்தொகையும் கைக்கு வந்தபின் என்ன செய்வதென்று அவளே தீர்மானிக்கட்டும் என்றேன். பெயர் மாற்ற விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன். தாமதக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள்.

பழுதுபார்த்த வண்டி உண்மையிலேயே நன்றாக இழுக்கிறது. புகையும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. சென்ற மாதம் மீண்டும் கட்டப்பனைக்குச் சென்றோம். இம்முறை ஏழே பேர், கூரைமேல் ஒன்றுமில்லை. மற்ற இருவர் பேருந்தில் வந்தார்கள். கம்பம்மெட்டுச் சாலையில் அதேபோல் ஒரு லாரி முன்னால் அகப்பட்டது. முந்துவதற்கான வலு வண்டியில் இருந்தது, பாதையில் இடமில்லை. இரண்டாம் கியரில் அதன் பின்னாலேயே ஏறினோம். மகன் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தான். அம்மா உறங்கிவிட்டார்கள்.

தங்கை கதவைத் திறந்ததும், "ஏண்ணே இவ்வளவு நேரம்?" என்றாள்.